சுண்டுவிரல் எலும்பில் ஸ்க்ரூ... மைதானம் எப்போது? வாசகர் கேள்வி-பதில்

விளையாட்டு வீரர்களின் பாத எலும்பு முறிவு, அதற்கான அறுவைசிகிச்சை, மீண்டு வரும் பயிற்சி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எலும்பியல் மருத்துவரும் விளையாட்டு பிசியோதெரபிஸ்ட்டும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: யாரும் என்னை இடிக்கவில்லை. ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பினேன், பாதத்தின் வெளிப்பக்கம் ‘டக்’ என்றது. ‘ஜோன்ஸ் முறிவு, ஸ்க்ரூ போட வேண்டும்’ என்கிறார் டாக்டர். போன சீசனில் எங்கள் கோல்கீப்பருக்கும் இதே எலும்புதான் உடைந்தது. அவருக்குக் கட்டோடு சரியாகிவிட்டது. எனக்கு மட்டும் ஏன் ஆபரேஷன்?
– கிளப் கால்பந்து வீரர், வியாசர்பாடி

எலும்பு ஒன்றுதான், உடைந்த இடம் வேறு. சுண்டுவிரலிலிருந்து பாதத்தின் வெளிவிளிம்பு வழியாகக் குதிகாலை நோக்கித் தடவிக்கொண்டே போங்கள். பாதி தூரத்தில் ஒரு மேடு கையில் தட்டும். அதுதான் ஐந்தாவது மெட்டாடார்சலின், அதாவது சுண்டுவிரலுக்குப் பின்னாலிருக்கும் நீண்ட பாத எலும்பின், அடிப்பகுதி. அந்த மேட்டின் நுனி மட்டும் பெயர்ந்து வந்தால் ஆறு வாரம் பூட் (பாதத்தை அசையாமல் பிடிக்கும் கடினமான மருத்துவ ஷூ) போட்டாலே பெரும்பாலும் கூடிவிடும். உங்கள் கோல்கீப்பருக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

மேட்டைத் தாண்டி ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. முன்னால், நான்காவது, ஐந்தாவது மெட்டாடார்சல்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உடைவதுதான் ஜோன்ஸ் முறிவு. சர் ராபர்ட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் அறுவைமருத்துவர், நடனமாடும்போது தன் காலிலேயே ஏற்பட்ட முறிவையும் சேர்த்து 1902-ல் இதை விவரித்து எழுதினார். எலும்பின் அடிப்பகுதிக்கு ஒரு பக்கமிருந்து ரத்தம் வருகிறது. தண்டுப்பகுதிக்கு, அதன் நடுவில் நுழையும் ஒரு சிறு தமனி வழியாக வருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட இந்த இடம் கடைமடை வயல் மாதிரி. இரு பக்கத் தண்ணீரும் மெலிந்த பிறகுதான் அங்கே வந்து சேரும். போதாததற்கு, நீங்கள் வெட்டித் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் வளைந்து விரிகிறது.

கட்டு போட்டால் எலும்பு சேரவே சேராது என்பதில்லை. ஆனால் ஆறிலிருந்து எட்டு வாரம் காலை ஊன்றாமல் இருக்க வேண்டும். அப்படி இருந்தும் சிலருக்குக் கூடாமல் போகும், சிலருக்கு விளையாடத் தொடங்கியதும் மறுபடி உடையும். விளையாட்டையே தொழிலாகக் கொண்டவருக்கு ஸ்க்ரூவை முதல் வழியாகச் சொல்வது அதனால்தான். 2002 ஏப்ரலில் இங்கிலாந்து கால்பந்து வீரர் டேவிட் பெக்கமுக்கு மெட்டாடார்சல் உடைந்து, அறுவைசிகிச்சை இல்லாமலே ஜூன் தொடக்கத்தில் உலகக் கோப்பையில் ஆடினாரே என்று பலர் கேட்கிறார்கள். அவருக்கு உடைந்தது இரண்டாவது மெட்டாடார்சல். அதை வைத்து உங்கள் காலைக் கணக்குப் போடாதீர்கள்.

ஒன்றை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ‘டக்’ என்ற அந்த நாளுக்கு முன்பே சில வாரங்களாக அதே இடத்தில் மந்தமான வலி இருந்ததா? இருந்தால் இது ஒரே நாளில் உடைந்த எலும்பு இல்லை. தொடர் பளுவால் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டது. எக்ஸ்ரேயில் விரிசலின் ஓரம் தடித்து, உள்ளே மஜ்ஜைக் குழாய் அடைபட்டிருக்கும். அப்போது ஸ்க்ரூ மட்டும் போதாது. அடைப்பைத் துளைத்துத் திறந்து, இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையோ எலும்புத் துகளோ எடுத்து வைக்க வேண்டி வரலாம். கூடவும் நாளாகும்.

கேள்வி: ஸ்க்ரூ போட்டு ஐந்து மாதமாகிறது. எலும்பு முழுக்கக் கூடிவிட்டது என்றார்கள், ஆடிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் ஷூ போட்டால் ஸ்க்ரூவின் தலை இருக்கும் இடத்தில் உறுத்துகிறது. கழற்றிவிடலாமா?
– கூடைப்பந்து வீரர், கோவை

ஆடும் காலம் முடியும்வரை ஸ்க்ரூவை உள்ளேயே விட்டுவைப்பதுதான் நல்லது. எலும்பு கூடிய பிறகும், திரும்பத் திரும்ப வரும் வளைவு விசையில் ஒரு பங்கை அது தாங்குகிறது. கழற்றிய பிறகு அதே இடத்தில் உடைந்து மறுபடி அறுவைசிகிச்சை மேஜைக்கு வந்தவர்கள் உண்டு.

உறுத்தலுக்குக் காரணம் என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். வீரர்களுக்குப் பெரும்பாலும் 4.5 முதல் 6.5 மி.மீ. வரை தடிமனுள்ள ஸ்க்ரூ போடுவார்கள். மெல்லியதாக இருந்தால் எலும்புக்குள் பிடிமானம் கிடைக்காது, வளைந்தோ ஒடிந்தோ போகும். நீளம் கூடினாலும் தொல்லைதான். இந்த எலும்பு இயல்பிலேயே லேசாக வளைந்தது, நீளமான நேர் ஸ்க்ரூ அதை நிமிர்த்தப் பார்க்கும், முறிவின் வெளிப்பக்கம் இடைவெளி விழும். மரைகள் முழுவதும் முறிவைத் தாண்டி இருக்க வேண்டும், அதற்கு மேல் நீளம் தேவையில்லை. தலை சரியாகப் புதையாவிட்டால் பின்னாலிருக்கும் கியூபாய்டு எலும்பில் உரசும்.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கெவின் டுரன்ட்டுக்கு இதுதான் நடந்தது. 2014 அக்டோபரில் வலது காலில் ஸ்க்ரூ போட்டார்கள், டிசம்பர் 2-ம் தேதி களமிறங்கினார். 2015 பிப்ரவரியில் தலை கியூபாய்டில் உரசுவது தெரிந்து ஸ்க்ரூவை மாற்றினார்கள். மார்ச் கடைசியில் எலும்பு ஒட்டு வைத்து மூன்றாவது முறையாக அறுவைசிகிச்சை. அந்த சீசனில் அவர் ஆடியது 27 ஆட்டங்கள்தான். நிதானமாகத் தேறி வந்த அடுத்த சீசனில் 72.

ஆகவே முதலில் ஒரு எக்ஸ்ரே. தலை எந்த எலும்பிலும் உரசவில்லை, தோலுக்கும் ஷூவுக்கும் நடுவில்தான் உறுத்தல் என்றால், அந்த இடத்தில் ஷூவின் உள்பக்கம் ஓட்டை போட்ட பஞ்சுத் தகடு ஒட்டினாலே போதும். தழும்பைத் தொட்டால் சுண்டுவிரல்வரை சுரீர் என்று ஓடுகிறதா? அப்படியென்றால் அங்கே செல்லும் சூரல் நரம்பின் கிளை உரசப்பட்டிருக்கும். அதற்கு வைத்தியம் வேறு, ஸ்க்ரூவைக் கழற்றுவது தீர்வாகாது.

கேள்வி: தம்பி கபடியில் ரைடர். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டான். எந்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்று விவரமாகச் சொல்லுங்கள்.
– கபடி வீரரின் அண்ணன், ஒட்டன்சத்திரம்

முதல் இரண்டு வாரம் கால் தரையில் படக்கூடாது. இரண்டு ஊன்றுகோல். உட்கார்ந்தாலும் படுத்தாலும் பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்க, அடியில் தலையணை வையுங்கள். வீக்கம் வடிந்தால்தான் தையல் காயம் ஒழுங்காக ஆறும். தையல் பிரிப்பது 12-14 நாளில். இந்த நாட்களில் தம்பி சும்மா படுத்திருக்க வேண்டியதில்லை. விரல்களை அசைப்பது, தொடையை இறுக்கி விடுவது, காலை நேராகத் தூக்குவது, வயிறு-இடுப்புப் பயிற்சிகள், மற்ற காலுக்கும் கைகளுக்கும் எடைப் பயிற்சி எல்லாம் செய்யலாம்.

மூன்றாவது வாரம் வாக்கிங் பூட். டாக்டர் அனுமதித்த பிறகு குதிகாலில் மட்டும் கொஞ்சம் பளு கொடுக்கத் தொடங்கலாம். ‘20 கிலோ பளு’ என்று சொல்லி அனுப்புவார்கள், அது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. வீட்டு எடை மெஷினைத் தரையில் வைத்து, ஊன்றுகோலைப் பிடித்தபடி அடிபட்ட காலை அதன்மேல் வைத்து, முள் 20-ஐத் தொடும்வரை அழுத்தச் சொல்லுங்கள். காலையும் மாலையும் பத்துப் பத்து முறை செய்தால் காலுக்கு அந்த அளவு பழகிவிடும். சில நாளுக்கு ஒருமுறை பத்துப் பத்து கிலோவாகக் கூட்டிக்கொண்டே போய், ஐந்தாறு வாரத்தில் பூட்டோடு முழுப் பளு. அதன் பிறகே ஊன்றுகோலைக் கைவிடலாம். பூட்டின் அடி உயரம் என்பதால் மற்ற காலுக்கு உயரம் சமமாகிற செருப்போ ஷூவோ போட வேண்டும். இல்லையென்றால் இரண்டே வாரத்தில் இடுப்பு வலிக்கிறது என்பார்.

கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதைப் பூட் போட்டதும் தொடங்கலாம். பாதத்தை உள்பக்கமாக மடக்கி இழுக்கும் பயிற்சி மட்டும் ஆறு வாரத்துக்கு வேண்டாம். இந்த எலும்பின் அடியில் வந்து ஒட்டும் தசைநார் அப்போது இழுபடும். சைக்கிள் மெஷினில் பெடலில் குதிகாலை வைத்து மிதிக்கலாம். தண்ணீரில் இறங்குவது காயம் முழுக்க மூடிய பிறகு.

ஆறாவது வாரம் எக்ஸ்ரே. நன்றாகக் கூடி வருகிறது என்றால், கார்பன் ஃபைபர் தகடு வைத்த ஷூவுக்கு மாறலாம். தகடு ஷூவை வளையவிடாது, எலும்புக்கு வரும் வளைவு குறையும். இரண்டு காலிலும் நின்று குதிகாலை உயர்த்துவதில் தொடங்கி, பிறகு ஒற்றைக் காலில். கெண்டைக்கால் இதற்குள் பாதியாக மெலிந்தது போலத் தெரியும். பயப்பட வேண்டாம், ஆனால் அதை மீட்காமல் ஓடவும் வேண்டாம். மெலிந்த கெண்டைக்கால் தாங்காத அதிர்ச்சியெல்லாம் எலும்புக்கே போகும்.

எட்டாவது வாரம் வாக்கில் தண்ணீரில் ஓட்டம். நெஞ்சளவு தண்ணீரில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் காலுக்கு வரும், இடுப்பளவில் பாதி. அங்கே வலி இல்லாவிட்டால் தரைக்கு வரலாம். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, பத்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். நேர் ஓட்டம் பழகிய பிறகு வளைந்து ஓடுவது, அதன் பிறகு வெட்டித் திரும்புவது. ரைடர் கோட்டைத் தொட்டுவிட்டுப் பின்னங்காலை உந்தித் திரும்பும் அந்த ஒரு நொடிதான் இந்த எலும்புக்குப் பெரிய சோதனை. அதைப் பாதி வேகத்தில் தனியாகப் பழக வேண்டும். கணுக்காலைப் பிடிக்கும் டிஃபண்டரோடு பழகுவது எல்லாவற்றுக்கும் கடைசி. மண் களத்தில் வெறுங்காலோடு ஆடும் ஊர் ஆட்டங்களுக்கு இந்த சீசன் முழுவதும் போகவே வேண்டாம்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் மூன்று மாதம் வாக்கில் போட்டி. தொடர் பளுவால் வந்த விரிசல் என்றால் நான்கு மாதம், அதற்கு மேலும் ஆகலாம்.

கேள்வி: எங்கள் ஸ்ட்ரைக்கருக்கு ஏழாவது வாரம் நடக்கிறது. வலியே இல்லை, நேராக நன்றாக ஓடுகிறான். பத்து நாளில் அரையிறுதி. பிளாஸ்டர் சுற்றி, ஒரு வலி மாத்திரை கொடுத்து கடைசி அரை மணி நேரம் இறக்கினால் என்ன?
– அணி மேலாளர், காரைக்கால்

இறக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் நாங்கள் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

ஸ்க்ரூ போட்டதும் உடைந்த இரண்டு பக்கமும் அசையாமல் நிற்கின்றன. அசைவு நின்றால் வலி நிற்கும். அதாவது மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே வலி போய்விடுகிறது. எலும்பு கூடுவதோ இன்னும் பல வாரம் தள்ளி. இந்த இடைவெளிதான் ஆபத்தானது. வீரர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பார், பளு முழுவதையும் தாங்கிக்கொண்டிருப்பது சில செ.மீ. நீளமுள்ள உலோகம். உலோகமும் திரும்பத் திரும்ப வளைத்தால் சோர்ந்து ஒடியும். எலும்பு முந்துகிறதா, ஸ்க்ரூ ஒடிவது முந்துகிறதா என்ற பந்தயம் இது. இதில் வலி மாத்திரை கொடுத்தால், எச்சரிக்கை மணி ஒன்று இருந்ததையும் கழற்றிவிட்டதாக ஆகும்.

எக்ஸ்ரேயில் கூடியது போலத் தெரிந்தாலும் போதாது. முறிவின் அடிப்பக்கமும் வெளிப்பக்கமும் சேரும் மூலைதான் கடைசியாக மூடும். ஓடும்போது விரிவதும் அதே மூலைதான். ஸ்க்ரூவின் நிழலும் வெள்ளையாக விழுவதால் எக்ஸ்ரேயில் அது மறைந்துபோகும். தொழில்முறை வீரருக்குப் போட்டிக்கு முன் சிடி ஸ்கேன் எடுத்து, அந்த மூலையில் எலும்புப் பாலம் விழுந்துவிட்டதா என்று பார்ப்பது அவசியம்.

ஸ்கேன் சரியென்றால் அடுத்து காலைச் சோதியுங்கள். முறிவு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் துளியும் வலி இருக்கக் கூடாது. ஒற்றைக் காலில் குதிகாலை 25 முறை உயர்த்த வேண்டும், மற்ற காலுக்கு இணையான உயரத்தில். ஒற்றைக்கால் தாவலின் தூரம் மற்ற காலில் 90 சதவீதமாவது வர வேண்டும். பிறகு இரண்டு வாரம் அணியோடு முழுப் பயிற்சி, அடுத்த நாள் காலையில் படுக்கையிலிருந்து வைக்கும் முதல் அடியிலும் வலி இல்லாமல். தசைநார் பிரச்சினைகளில் ‘பத்துக்கு மூன்று வலி இருந்தால் பரவாயில்லை, தொடருங்கள்’ என்போம். எலும்பு விஷயத்தில் அந்தக் கணக்கு கிடையாது. இங்கே அனுமதிக்கப்பட்ட வலி பூஜ்யம்.

பிரேசில் கால்பந்து வீரர் நெய்மாருக்கு 2018 பிப்ரவரி 25-ல் மார்செய் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஐந்தாவது மெட்டாடார்சல் உடைந்தது. மார்ச் 3-ல் பிரேசிலில் அறுவைசிகிச்சை. உலகக் கோப்பை நெருங்கிக்கொண்டிருந்தும் ஜூன் 3 அன்றுதான், மூன்று மாதம் முடிந்து, நட்பு ஆட்டத்தில் இறங்கினார். அவ்வளவு பொறுத்தும் 2019 ஜனவரியில் அதே எலும்பில் மறுபடி காயம், மறுபடி மூன்று மாதம். உலகின் சிறந்த மருத்துவக் குழுக்கள் சுற்றி நின்ற காலுக்கே இந்த நிலை என்றால், பிளாஸ்டரும் மாத்திரையும் உங்கள் ஸ்ட்ரைக்கரின் காலைக் காப்பாற்றாது. இந்த அரையிறுதியை விடுங்கள். மறுபடி உடைந்தால் போவது அடுத்த சீசன்.

கேள்வி: மகனுக்கு தினமும் ஆட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல் கொடுக்கிறேன். இது போதுமா? ஆட்டம் இல்லாததால் எடை போடும் என்று அவன் ராத்திரி சாப்பாட்டைக் குறைத்துவிட்டான்.
– ஓர் அம்மா, மதுரை

முதலில் அந்த ராத்திரி சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள் அம்மா. எலும்பு கட்டுவதற்கும் சக்தி வேண்டும். பட்டினி போட்டால் கூடுவது தாமதமாகும், தசையும் கரையும்.

சூப்பும் பிரண்டையும் உணவாகத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் எலும்பைக் கொதிக்க வைத்தால் சுண்ணாம்புச் சத்து தண்ணீரில் அதிகம் இறங்குவதில்லை. ஒரு பெரிய தம்ளர் பால் (250 மி.லி.) 300 மி.கி. கால்சியம் தரும், 100 கிராம் கேழ்வரகு ஏறக்குறைய 350. நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி. வேண்டும். கேழ்வரகுக் கூழ், தயிர், முள்ளோடு சாப்பிடும் நெத்திலிக் கருவாடு, எள்ளுருண்டை என்று பிரித்துக் கொடுத்தால் எட்டிவிடலாம். புரதம் ஒரு கிலோ எடைக்கு 1.6 முதல் 2 கிராம். 70 கிலோ பையனுக்கு 112 முதல் 140 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். ஆகவே மூன்று வேளையும் கோழியோ மீனோ பனீரோ சுண்டலோ இல்லாமல் இந்த அளவு வராது.

வைட்டமின் டி ரத்தப் பரிசோதனை அவசியம். வெயிலில் ஆடுகிறானே, குறையாது என்று நினைக்க வேண்டாம், நம் வீரர்களிடம் குறைவது சாதாரணம். ஒரு மி.லி.க்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் டாக்டர் வாராந்திர 60,000 யூனிட் மருந்து எழுதுவார், பெரும்பாலும் எட்டு வாரத்துக்கு. கடையில் நீங்களே வாங்கி மாதக்கணக்கில் தொடரக் கூடாது, அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். பையன் புகைப்பவன் என்றால் அதை நிறுத்தாமல் மேலே சொன்னதெல்லாம் வீண்.

கேள்வி: ஸ்க்ரூ போட்டபிறகு நாட்டுக்கட்டும் போட்டால் சீக்கிரம் கூடும் என்கிறார்களே?
– வாசகர், திருத்தணி

வேண்டாம். அசையாமல் பிடிக்கும் வேலையை உள்ளே ஸ்க்ரூ பார்த்துக்கொள்கிறது. மேலே இறுக்கிக் கட்டினால் வீங்கிய பாதத்தில் ரத்த ஓட்டம் தடைபடும். ஆறாத தையல்மேல் எண்ணெயும் பச்சிலையும் பட்டால் சீழ் பிடிக்கும், அது ஸ்க்ரூவரை இறங்கினால் எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: நான் 5,000 மீட்டர் ஓட்டக்காரி. இரண்டு வருஷத்தில் இரண்டு முறை பாத எலும்பில் விரிசல். இரண்டாவது முறை ஆபரேஷன். ஷூ மாற்றியும் ஏன் இப்படி? பெயர் வெளியிட வேண்டாம்.
– தடகள வீராங்கனை, திருச்சி

உங்கள் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்ற கேள்வியை யாராவது கேட்டார்களா? கடுமையாகப் பயிற்சி செய்தால் நிற்பது இயல்புதான் என்று பயிற்சியாளர்களே சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் உடல் முதலில் நிறுத்துவது அதைத்தான். ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு அடர்த்தியும் கூடவே குறையும். மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் மகளிர் மருத்துவரிடம் போங்கள். ஹார்மோன், தைராய்டு, வைட்டமின் டி, எலும்பு அடர்த்திக்கான டெக்சா ஸ்கேன் ஆகியவற்றைக் கேளுங்கள். ஸ்க்ரூ ஒரு எலும்பைத்தான் பிடிக்கும். காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் மூன்றாவது விரிசல் வேறு எலும்பில் வரும்.

கேள்வி: ஒரே காலில், ஒரே இடத்தில் ஏன் திரும்ப உடைகிறது? ஷூ காரணமா?
– கால்பந்துப் பயிற்சியாளர், தூத்துக்குடி

பாத அமைப்பைப் பாருங்கள். வீரரை முன்னால் நிற்க வைத்து நேர் எதிரே நின்று பாருங்கள். உள்ளங்கால் வளைவு மிக உயர்ந்து, குதிகாலின் உள்விளிம்பு முன்னாலிருந்தே கண்ணுக்குத் தெரிகிறதா? அப்படியென்றால் குதிகால் உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, எடை வெளிவிளிம்பில் இறங்குகிறது. பழைய ஷூவின் அடிப்பாகம் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அதுவே சாட்சி. வெளிப்பக்கம் லேசாக உயர்த்திய இன்சோல் அந்தப் பளுவை உள்பக்கம் தள்ளும். சாய்வு அதிகமென்றால், முறிவைச் சரிசெய்யும்போதே அதையும் அறுவைசிகிச்சையில் திருத்துவார்கள்.

ஷூவுக்கும் பங்கு உண்டு. ஷூ குறுகலாக இருந்து, ஸ்டட் (ஷூவின் அடியில் துருத்தும் குமிழ்) ஒன்று ஐந்தாவது மெட்டாடார்சலுக்கு நேர் கீழே அமைந்தால் ஒவ்வொரு அடியிலும் அங்கேதான் குத்தும். செயற்கைப் புல்லில் நீளமான ஸ்டட் போடுவதும் கெடுதல், தரை காலை விடாது, உடல் மட்டும் திரும்பும்.

கேள்வி: எனக்கு நேவிகுலர் எலும்பில் ஸ்க்ரூ. மூன்று மாதத்தில் பந்து வீசலாமா?
– வேகப்பந்து வீச்சாளர், சேலம்

இது வேறு எலும்பு, வேறு கணக்கு. பாத வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பு அது, நடுப்பகுதிக்கு ரத்தம் குறைவு. ஆறு வாரம் காலே ஊன்றாமல், மைதானத்துக்கு ஐந்தாறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடைப்பந்து வீரர் ஜோயல் எம்பீடுக்கு 2014 ஜூனில் இந்த எலும்பில் அறுவைசிகிச்சை, 2015 ஆகஸ்டில் இரண்டாவது. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில் முதல் ஆட்டம் ஆடியது 2016 அக்டோபரில். சிடி ஸ்கேன் பார்க்காமல் ஒரு பந்துகூட முழு வேகத்தில் வீசாதீர்கள்.

கேள்வி: வலிக்கு எந்த மாத்திரை போடலாம்? எப்போது உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்? பைக் எப்போது ஓட்டலாம்?
– வாசகர், விழுப்புரம்

பாரசிட்டமால் முதல் தேர்வு. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்ற கவலை இருப்பதால் டாக்டர் எழுதிய நாட்களுக்கு மேல் வேண்டாம்.

கெண்டைக்கால் வீங்கிக் கல் மாதிரி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் அது காலில் ரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள். காயத்தில் சீழ், காய்ச்சல், விரல்கள் நீலம் பாரிப்பது, இவற்றுக்கும் அதே நாளில் காட்ட வேண்டும்.

பூட் போட்டிருக்கும்வரை பைக் கூடவே கூடாது. பூட்டைக் கழற்றி, ஷூவில் நொண்டாமல் நடந்த பிறகே யோசிக்கலாம். வலது கால் என்றால் பிரேக்கை அவசரமாக ஓங்கி மிதிக்க முடிகிறதா என்று நிறுத்தி வைத்த வண்டியில் பாருங்கள். இடது கால் என்றால் கியரைப் புறங்காலால் தூக்கும்போது வலிக்கிறதா என்று பாருங்கள். போக்குவரத்தில் வண்டி சாயும்போது நாம் தன்னையறியாமல் ஊன்றுவதும் அடிபட்ட காலாகவே இருக்கலாம். ஆகவே முதல் மாதம் பின் சீட்டிலேயே போங்கள்.